தாய்மாமன் வைத்த ஃப்ளெக்ஸ்

ஓடைப்பட்டியில் ராஜபாண்டி மதிக்கிற ஆள் என்று ஒருத்தரும் கிடையாது. பதினாறு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவன், வந்த நாளிலிருந்து ஊருக்குச் செய்த ஒரே காரியம் அதைப் பார்த்து முகம் சுளித்ததுதான். பஸ் வந்தால் இறங்குகிறவனை இறங்கவிடாமல் முட்டிக்கொண்டு ஏறுகிறான்கள், தூ! ரேஷன் கடையில் வரிசையில் முதல் ஆள் யாரென்று கேட்டால் பத்துப் பேர் கையைத் தூக்குகிறார்கள். காலையில் வருகிறேன் என்ற எலெக்ட்ரீசியன் மறுநாள் சாயங்காலம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, "என்னண்ணே, அவசரமா?" என்கிறான். இந்தக் கூட்டத்துக்காகவா அத்தனை வருடம் பனியில் விறைத்து நின்றோம் என்று கட்டிலில் மல்லாந்து கிடந்து பொருமுவான். அவன் பொருமுகிற நேரத்தில் அவன் மனைவி மாரீஸ்வரி திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தபடி உள்ளே வருவாள்.

"இன்னைக்கு யாரு மேல கடுப்பு?"

"எல்லாப் பய மேலயும்."

"அப்ப ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கீக."

முப்பத்தைந்து வயதில் அவன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று போலீஸ். முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். ஓட்டமும் மற்றதும்தான் பாக்கி, அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று காலேஜ். பட்டாளத்தில் இருந்தபோதே தபால் வழியில் பி.ஏ. முடித்து வைத்திருந்ததால், தேனியில் மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தான். இடம் கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் அது தினமும் வகுப்புக்குப் போய் உட்கார வேண்டிய படிப்பு. போலீஸ் பயிற்சிக்குப் போனால் காலேஜ் இல்லை, காலேஜுக்குப் போனால் போலீஸ் இல்லை.

படிக்க ஆசைப்பட்டதற்குப் பெரிய லட்சியமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. இத்தனை வருடம் மேலதிகாரிகளிடம் 'ஜீ சாப்' என்று மட்டுமே சொன்ன வாய்க்கு ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன் வக்கீல். போலீஸ் ஆசைக்கான காரணத்தைச் சொன்னால் இன்னும் வெட்கக்கேடு. வெளியே வந்த புதிதில் கட்டம் போட்ட சட்டையோடு தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றான். முறுக்கு விற்கிறவன்கூட அவனை இடித்துத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். யூனிஃபார்மில் இருந்த காலத்தில் அவனை ஒருத்தனும் இடித்ததில்லை.

எந்த வழி என்று அவன் முடிவு செய்வதற்குள் அவனுடைய மச்சான் முடிவு செய்துவிட்டார். செல்லப்பாண்டி, மாரீஸ்வரியின் அண்ணன். திராட்சைக் கமிஷன் கடை வைத்து, குமுளி வழியாகக் கேரளாவுக்கு லோடு ஏற்றுகிறவர். வாயைத் திறந்தால் அந்த அதிகாரி என் ஆள், இந்த அதிகாரி என் ஆள் என்பார். ஒரு அதிகாரிக்கும் அவரைத் தெரியாது.

"நம்ம வகையறாவுல வாத்தியாரு இருக்காக, நர்சு இருக்காக, துபாய்ல இருக்காக. ஒரு போலீசு இருக்காகளா மாப்ள? செக்போஸ்ட்டுல லோட நிப்பாட்டுனா போன் போட ஒரு ஆளு இல்ல. ஹெல்மெட்டு போடலன்னு புடிச்சா பேரு சொல்ல ஒரு ஆளு இல்ல. என்ன குடும்பம் நாம?"

"ஹெல்மெட்டப் போட்டுட்டுப் போங்க மச்சான்."

"அட, வீட்டுல போலீசு இருக்கையில அது எதுக்கு?"

ராஜபாண்டி மெதுவாகக் காலேஜ் பேச்சை எடுத்தபோது செல்லப்பாண்டி வயிறு குலுங்கச் சிரித்தார். "நரச்ச மீசையோட நோட்டத் தூக்கிட்டுப் போவீகளாக்கும்? பொம்பளப் பிள்ளைக அங்கிள்னு கூப்பிடும் மாப்ள!" அன்றிலிருந்து அவனைக் கூப்பிடுவதே 'எஸ்.ஐ. மாப்ள' என்றுதான். நான் எழுதியது காவலர் வேலைக்கு, எஸ்.ஐ.க்கு இல்லை என்று அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டான். உள்ளதைச் சொல்வதென்றால், கேட்க அது சுகமாகத்தான் இருந்தது.

மாரீஸ்வரிக்கு இந்த விஷயத்தில் ஒரே கட்சிதான். "போலீசோ காலேஜோ, எதுக்காச்சும் போங்க. இங்கன கெடந்து ஊர வையிறதுக்கு ஒருத்தரும் சம்பளம் தர மாட்டாக."

வைகாசியில் அவர்கள் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். செல்லப்பாண்டிதான் தாய்மாமன். தாய்மாமன் என்றால் சீர், சீர் என்றால் ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸ் வைக்காமல் குத்தினால் பிள்ளை காதில் ஓட்டை விழாது என்று இந்தப் பக்கத்தில் நம்புகிறார்களோ என்னவோ. செல்லப்பாண்டி கம்பத்தில் ஒரு கடைக்குப் போய், அங்கே டிசைன் செய்கிற பிரின்சி என்ற பெண்ணிடம், "எங்க மாப்ளைய போலீசு டிரெஸ்ல போட்ரும்மா, அவருகிட்ட காட்டி ஓகே வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். போலீஸ் உடையில் ராஜபாண்டிக்குப் படம் ஏது? அந்தப் பெண் இன்டர்நெட்டில் யாரோ ஒரு போலீஸ்காரரின் உடம்பைத் தேடி எடுத்து, அதன் மேல் இவன் தலையை ஒட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

ராஜபாண்டி கட்டிலில் கிடந்தபடி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். மீசையைப் பார்த்தான். தாடையைப் பார்த்தான். தொப்பிக்குக் கீழே நெற்றி எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று பார்த்தான். இன்னும் வேலைக்கே சேரவில்லையே, இது பொய்யாச்சே என்று மனசு ஒரு ஓரமாக உறுத்தியது. அதை அவன் சட்டை செய்யவில்லை. படத்துக்குக் கீழே ஏதோ இரண்டு மூன்று வரி எழுதியிருந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரி எழுதுவதை எவன் வாசிப்பான்? நிமிர்ந்த பெருவிரல் படம் ஒன்றை அவளுக்குத் தட்டிவிட்டு, மறுபடியும் தன் மீசையைப் பார்க்கத் தொடங்கினான்.

காதுகுத்து அன்று காலையில், மண்டபத்துக்குப் போகிற முக்கில் அந்த ஃப்ளெக்ஸ் நின்றது. கறுப்புக் கண்ணாடியும் சங்கிலியுமாகச் செல்லப்பாண்டி ஒரு பாதி. 'காவல்துறையின் கம்பீரமே!' என்ற எழுத்துக்குக் கீழே சல்யூட் அடித்தபடி ராஜபாண்டி மறுபாதி. காது குத்தப்போகிற பிள்ளை கீழே ஒரு மூலையில், தேடிப் பிடித்தால் தெரிகிற அளவில் இருந்தாள். ஃப்ளெக்ஸைச் சுற்றி நல்ல கூட்டம். ஆகா, நம்மைத்தான் பார்க்கிறார்கள் என்று ராஜபாண்டி வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி அந்தப் பக்கமாக நடந்தான்.

"என்னா சேட்டா, சுகம் தன்னே?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவன்களுக்கு வேறு வேலை என்ன என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். படத்தில் தன் தோளில், சட்டைக் கையின் பட்டையில், உருண்டை உருண்டையாக மலையாள எழுத்து. தொப்பியில் பார்த்தான், அங்கேயும் அதுதான். மச்சான் அவனைக் கேரளா போலீஸாக்கி நடுரோட்டில் நிறுத்தியிருந்தார்.

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். இது கம்பம் பள்ளத்தாக்கு. அணைத் தண்ணீருக்காகக் கேரளாவோடு மல்லுக்கட்டி, வீட்டைப் பூட்டிவிட்டுக் குமுளி ரோட்டில் திரண்டு நடந்த ஊர்கள் இவை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. "நம்ம தண்ணியக் குடிச்சு வளந்துட்டு, அவுக காக்கிய மாட்டிக்கிட்டு நிக்கிறான் பாருலே!" என்று ஒரு குரல் வந்தது. யாரோ ஒருவன் படத்திலிருந்த ராஜபாண்டியின் கழுத்துக்குச் செருப்பு மாலை போட்டான். அதை நாலு பேர் போனில் பிடித்தார்கள். சரியாக அந்த நேரத்தில் மேளம் கொட்ட, தட்டுகள் வரிசை கட்ட, செல்லப்பாண்டி சீரோடு வந்து சேர்ந்தார். வந்தவரைப் பார்த்துக் கூட்டம் 'ஓ' போட்டது. மேளக்காரர்கள் அதை உற்சாகம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கொட்டினார்கள்.

போலீஸ் ஜீப் வந்தது. ஃப்ளெக்ஸைக் கழற்றினார்கள். ராஜபாண்டியையும் செல்லப்பாண்டியையும் ஏறச் சொன்னார்கள். மாரீஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப் பக்கம் வந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"போயிட்டு வாங்க. ஆசாரி வந்து காத்திருக்காக. பிள்ளைக்குக் காத நான் குத்திக்கிறேன்" என்றாள். அண்ணனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. விஜயகுமார் இருந்தார். ராஜபாண்டியைவிட ஒரு பத்து வயது இளையவராக இருப்பார். அதற்குள் தொப்பை பெல்ட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது. ஓடினால் ஒரு தெரு தாண்டமாட்டான் என்று ராஜபாண்டி மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

"யாருய்யா இத வச்சது?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்" என்று செல்லப்பாண்டி கையைக் கட்டிக்கொண்டு முந்தினார். "எல்லாம் மாப்ளதான் சார். அவரு போட்டா, அவரு பாத்து ஓகே பண்ணது." போலீசிடம் பெயர் சொல்ல ஒரு ஆள் வேண்டும் வேண்டும் என்று கிடந்த மனுஷன், கடைசியில் போலீசிடம் சொன்ன பெயர் அதுதான்.

ராஜபாண்டி தன் விவரத்தைச் சொன்னான். பட்டாளம், ஹவில்தார், எழுத்துத் தேர்வில் பாஸ். எஸ்.ஐ.யின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம டிபார்ட்மெண்டுக்கு வரப்போற ஆளா? மொதல்லயே சொல்ல வேணாமா? உக்காருங்க சார். ஏய், சாருக்கு ஒரு டீ சொல்லு." நாற்காலி வந்தது. டீ வந்தது. செல்லப்பாண்டி நின்றுகொண்டுதான் இருந்தார். அதைப் பார்க்க ராஜபாண்டிக்குக் குளுகுளுவென்று இருந்தது.

கம்பத்திலிருந்து பிரின்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இருபத்தைந்து வயதிருக்கும், தோளில் ஒரு பை, வியர்த்துக் களைத்திருந்தாள். அவளுக்கு நாற்காலி வரவில்லை.

"ஏ, நிமுந்து பாரு. எந்த ஊரு போலீசுன்னு தெரியாது உனக்கு? படிச்சிருக்கியா இல்லியா? சார் யாருன்னு தெரியுமா?"

அந்த 'சார்' தான்தான் என்பது ராஜபாண்டிக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. உறைத்ததும் டீ இன்னும் கொஞ்சம் இனித்தது.

"நான் கேட்டேன் சார். அவரு சரின்னு சொன்னாரு" என்றாள் பிரின்சி.

"வாய மூடு. உன்னப் பேசச் சொல்லும்போது பேசு." எஸ்.ஐ. ராஜபாண்டி பக்கம் குனிந்து குரலைத் தணித்தார். "பாருங்க சார். விஷயம் போன்ல எல்லா ஊருக்கும் போயிருச்சு. மேல கேப்பாக. யாரு மேலயாச்சும் ஒரு கேஸ் போட்டாகணும். போலீசு இல்லாத ஆளு போலீசு உடுப்புல ஃப்ளெக்ஸு வச்சா உங்க மேலதான் வரும். வந்துச்சுன்னா உங்க செலக்சன் அத்தோட காலி, உங்களுக்கே தெரியும். அதனால ஒண்ணு செய்யுங்க. உங்களுக்குத் தெரியாமலே இந்தப் பொண்ணு உங்க போட்டாவ எடுத்து இப்படிப் பண்ணிருச்சுன்னு ஒரு புகார் எழுதிக் குடுங்க. அது மேல போட்டு முடிச்சிர்றேன்."

ஏட்டு ஒருவர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து ராஜபாண்டி முன்னால் வைத்தார்.

"எழுதுங்க மாப்ள" என்றார் செல்லப்பாண்டி. "யாரோ ஒரு பிள்ள. என்ன ஆயிரப்போகுது?"

பிரின்சி மேசைப் பக்கம் வந்தாள். பையிலிருந்து போனை எடுத்து, அந்த வெள்ளைத் தாளின் மேல் ராஜபாண்டி பார்க்கும்படி வைத்தாள். அவள் அனுப்பியதை அவன் முதல் முதலாக வாசித்தான். 'சார், தோள்லயும் தொப்பிலயும் மலையாளம் இருக்கு. அழிக்கவா, இல்ல வேற படம் மாத்தவா? நாளைக்கு பிரிண்ட் போயிரும். வாசிச்சுட்டுச் சொல்லுங்க.' அதற்குக் கீழே மஞ்சளாக, கொழுகொழுவென்று அவனுடைய பெருவிரல் நின்றது.

பேனாவை எடுத்தான். எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, எடுத்தான். இரண்டு வரி எழுதினால் போதும். காக்கி கிடைத்துவிடும், ஒரு பயலும் பஸ் ஸ்டாண்டில் இடிக்கமாட்டான். தலையை நிமிர்த்தி எஸ்.ஐ.யைப் பார்த்தான். அவர் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் இவனுக்கு ஒரு 'சார்', அவளுக்கு ஒரு 'ஏ'. அதற்காக அவர் சிரமப்பட்டதாகவே தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்தால் இந்த ஆளுக்குத்தான் இனி தினமும் சல்யூட் அடிக்க வேண்டும். சல்யூட்கூடப் பரவாயில்லை. இந்த ஆளைப் போலவே தானும் பல்லைக் குத்திக்கொண்டு யாரையாவது நிற்க வைத்துப் பேசுவோம், அது தனக்கு நன்றாகவே வரும் என்று தோன்றியதுதான் தாங்கவில்லை. இப்போதே வந்துவிட்டதே! அந்தப் பெண் நிற்க, தான் காலை ஆட்டிக்கொண்டு டீ குடிக்கவில்லையா? ராஜபாண்டிக்கு அசிங்கமாக இருந்தது. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரையும் காறித் துப்பியவன், துப்ப வேண்டிய ஆள் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தான்.

பேனாவை மூடி வைத்தான்.

"இவுக கேட்டுருக்காக சார். நான்தான் வாசிக்காம சரின்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

எஸ்.ஐ. பல் குத்துவதை நிறுத்தினார். "என்னது? கேட்டுருக்காகளா? யாரு, இவளா? கேட்டுருக்... காகளா?" அந்த மரியாதைச் சொல்லை அவர் இழுத்த இழுப்பில் ஏட்டும் சிரித்துவிட்டார்.

"ஆமா சார். கேட்டுருக்காக."

"எந்திரி."

அவ்வளவுதான். சாரும் போச்சு, உக்காருங்களும் போச்சு. ராஜபாண்டி எழுந்து நின்றான்.

"வேல வேணாமா உனக்கு?"

"வேணாம் சார்."

"அப்புறம் என்ன புடுங்கப் போற?"

"காலேஜுக்குப் போறேன். சட்டம் படிக்கப் போறேன்."

ஸ்டேஷனே சிரித்தது. செல்லப்பாண்டிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார், எஸ்.ஐ. பார்க்கட்டும் என்று. "யோவ், உன் வயசு என்ன?" என்றார் எஸ்.ஐ.

"உங்க வயசுக்கு ஒரு பத்து கூட இருக்கும் சார்."

சிரிப்பு நின்றது. வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று ராஜபாண்டிக்கே தெரியவில்லை. அடி விழும் என்று எதிர்பார்த்தான், விழவில்லை. அதற்குப் பதில் சாயங்காலம் வரை அவனைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். கடைசியில் கேஸும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. அதை எழுத எஸ்.ஐ.க்குச் சோம்பல். "போய்த் தொலைங்க எல்லாரும். டேய் மிலிட்டரி, நீ செலக்சன் ஆகி வா பாப்போம். உன்னப் பத்தி விசாரிக்கிற பேப்பர் இந்த மேசைக்குத்தான் வரும்" என்று மட்டும் சொன்னார். மேசையைத் தட்டியும் காட்டினார்.

வெளியே வந்ததும் செல்லப்பாண்டி பொரிந்து தள்ளினார். "கெட்டுக் குட்டிச்சுவராப் போங்க. கைக்கு வந்த போலீச யாராச்சும் இப்படி ஒதறுவாகளா? எவளோ ஒருத்திக்காக! என் தங்கச்சி தலையெழுத்து!" சொல்லிவிட்டு பைக்கை முறுக்கிக்கொண்டு போனார். ராஜபாண்டியை ஏறு என்றுகூடச் சொல்லவில்லை.

பிரின்சி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். ராஜபாண்டி அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான், அதையும் மறைப்பானேன். அவளோ போனைக் காதில் வைத்து யாரிடமோ, "சரிண்ணே, சரிண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க மேல கேஸ் வராதும்மா. பயப்படாதீக" என்றான்.

"கடைக்காரரு நாளைலருந்து வர வேணாம்னுட்டாக" என்றாள் அவள், போனைப் பையில் போட்டுக்கொண்டே. "போலீசு வந்து கூட்டிட்டுப் போன பிள்ள கடையில இருந்தா யாவாரம் கெட்டுப்போகுமாம்."

"அய்யய்யோ. நான் வேணா வந்து பேசவா?"

"நீங்க பேசுனதே போதும் சார்." சாலையில் பஸ் வருவது தெரிந்தது. அவள் அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். "உள்ள சொன்னீகளே, காலேஜுக்குப் போறேன்னு. நெசமாத்தானா?"

"ஆமா. நெசந்தான்."

"மூணு வரி சார். மூணே மூணு வரிய வாசிக்கல நீங்க. அங்கன பொஸ்தகம் இத்தாம் பெருசா இருக்கும்."

ராஜபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "வாசிக்கிறேம்மா" என்றான்.

"வாசிங்க. என்னைய மாதிரி ஆளுக்கு, செய்யாத தப்புக்கு வேல போனா என்ன செய்யலாம்னு அதுல எங்கனயாச்சும் எழுதியிருக்கும். அத வாசிச்சுட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. எழுத்துல சொல்லுங்க சார், பெருவெரல அனுப்பாதீக."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறிப் போய்விட்டாள்.